மலைப் பயணமும் மோட்டார் வண்டி இசையும்

மோட்டார் வண்டியில் இசை கேட்டவண்ணம் பயணம் செய்வது எளிய இன்பங்களுள் ஒன்று. அதிலும், பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு, விடுமுறை நாளில் குடும்பத்தோடு அமர்ந்து தாய்மொழிப் பாடலைக் கேட்பது தனியொரு நிறைவு. ஆயினும், பணம் செலவிட்டுப் பொருத்திய ஸ்பீக்கர் சில மாதங்களுக்குள் கரகரத்து, பின்பு அறவே ஊமையாகிவிடுவதும் பலருக்கு நேர்கிறது. அதனினும் பெரிய ஸ்பீக்கரை வாங்கி மாட்டினால், அதுவும் அதே கதியை அடைகிறது. இதன் காரணம் யாது? தவிர்க்கும் வழி என்ன? இவற்றை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் ஸ்பீக்கரின் அமைப்பை அறிதல் வேண்டும். கூம்பு வடிவான ஒரு தாள்; அதன் அடியில் மெல்லிய கம்பிச் சுருள்; சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். பாட்டின் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு தாளும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925-ல் விளக்கிய இவ்வமைப்பே இன்றளவும் பெரும்பாலும் நிலைத்துள்ளது. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நாம் செலுத்தும் மின்சக்தியில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே ஒலியாகிறது; எஞ்சியது வெப்பமாகச் சுருளிலேயே தங்குகிறது. அவ்வெப்பம் அளவு கடந்தால், கம்பியின் மேற்பூச்சும் பசையும் கருகுகின்றன. அதுவே ஸ்பீக்கரின் முடிவு.

‘என் செட்டில் 50 வாட் என்று அச்சிட்டிருக்கிறதே, ஸ்பீக்கரும் அதற்கேற்றதுதானே?’ எனலாம். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத சாதாரண செட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த அழுத்தத்தைக் கொண்டு சிதைவின்றி அளிக்கக்கூடிய சக்தி, கணக்கின்படி 26 வாட்டுக்கு மேற்படாது; உள்ளே நேரும் இழப்பைக் கழித்தால் 20 வாட் அளவே தேறும். அதற்கு மேலும் நாம் ஒலியைக் கூட்டினால், செட் தன் எல்லையில் முட்டி நிற்கிறது. வளைந்து ஏறியிறங்க வேண்டிய ஒலியலையின் முகடும் பள்ளமும் வெட்டுண்டு தட்டையாகின்றன. முற்றிலும் தட்டையான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைப்போல் இருமடங்கு சக்தி உடையது. பெட்டியின்மேல் அச்சிட்ட 50 வாட் பெரும்பாலும் இவ்வாறு சிதைந்த நிலையின் கணக்கே. ஆகவே, 25 வாட்டை நெடுநேரம் தாங்கவல்ல ஸ்பீக்கர், சிறு செட்டினாலேயே கருகிவிடலாம். வெட்டுண்ட அலையில் கீச்சொலிகள் மிகுவதால், ட்வீட்டர் எனப்படும் சிறு ஸ்பீக்கரே பெரும்பாலும் முதலில் மடிகிறது.

இது நேர்வதற்கு மலைப்பாதை மிகவும் வாய்ப்பான இடம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் பொன்முடிச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தை அடைவதற்கு, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். குளிர்காற்றுக்காகக் கண்ணாடிகளை இறக்குகிறோம். தாழ்ந்த கியரில் இன்ஜின் உறுமுகிறது. பாட்டு கேட்கவில்லையென்று ஒலியைக் கூட்டுகிறோம். பண்பலை வானொலியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. மலைமுகடு மறைத்தால் பாட்டு தேய்ந்து இரைச்சல் மிகும். மீண்டும் கூட்டுகிறோம். அடுத்த வளைவில் நிலையம் திடீரெனத் திரும்பும்போது, முழு வேகமும் சுருளின்மீது விழுகிறது.

உச்சியில் நிகழ்வது இன்னும் கேடானது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து வைத்துப் பாட்டைப் போடுகிறோம். இன்ஜின் நின்றதும் அழுத்தம் 12.5 வோல்ட் அளவுக்கு இறங்கும்; சாதாரண செட் சிதைவின்றித் தரும் சக்தி காற்பங்கு குறையும். திறந்த வெளியில் ஒலி பரவிவிடுவதால் நாமோ மேலும் கூட்டுகிறோம். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின், ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி தேவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அச்சக்தி எங்கிருந்து வரும்?

இனி, தடுக்கும் வழிகளைக் காண்போம். ஸ்பீக்கர் வாங்கும்போது ‘பீக்’ என்னும் பெரிய எண்ணை நம்பாது, ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் தொடர்ச்சியான தாங்குதிறனைப் பார்க்க வேண்டும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே இணைப்பில் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் சுமை 2 ஓம் ஆகிவிடும். செட் அதற்கு இடங்கொடாதாயின் சேர்க்கலாகாது. ஸ்பீக்கரின் கம்பி எதனையும் வண்டியின் உடலோடு இணைத்தல் கூடாது. தனி ஆம்ப்ளிஃபையர் வைப்போர், பாட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் பொருத்துக. இது தீ விபத்தைத் தடுப்பது.

அடுத்தது தாழ்ந்த ஒலிகள். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே ஒலியளவுக்குத் தாள் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கதவிலுள்ள சிறு ஸ்பீக்கரால் இயலாது; அதன் விளிம்பு கிழியும். செட்டில் வசதியிருப்பின், ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுத்துவிடுக.

இறுதியாக, எல்லையைக் கண்டறிதல். சமதரையில், இன்ஜின் ஓடும் நிலையில், கண்ணாடிகளை ஏற்றி, பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, நன்கு பழகிய தெளிவான பாட்டொன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. பாடகரின் குரல் எவ்விடத்தில் முரடாகிறதோ, அதற்குச் சற்றுக் கீழுள்ள எண்ணே அவ்வண்டியின் எல்லை. தனி ஆம்ப்ளிஃபையர் உடையோர், செட்டின் ஒலியை முக்காற்பங்கில் நிறுத்தி, அடிமட்டத்தில் வைத்த ‘கெயின்’ திருகைக் குரல் முரடாகும்வரை உயர்த்திப் பின்பு சற்றே இறக்குக. கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகன்று. செட்டையும் ஆம்ப்ளிஃபையரையும் பொருத்தும் திருகேயாகும்.

எல்லையை அறிந்தபின், வழியில் பாட்டு கேட்கவில்லையெனில் கண்ணாடியை ஏற்றுவதே முறை. இன்ஜினை அணைத்தால் ஒலியையும் குறைத்தல் வேண்டும். கரகரப்புக் கேட்டவுடன் இறக்கிவிட்டால் ஸ்பீக்கர் பெரும்பாலும் பிழைக்கும். இவ்வடக்கத்தினால் வேறொரு பயனும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்தைக் கண் காண்பதற்கு முன், அதன் ஹார்னைக் காது கேட்டாக வேண்டும். அது கேட்குமளவுக்குப் பாட்டு ஒலித்தால் ஸ்பீக்கருக்கும் நலம். வண்டியில் இருப்போர்க்கும் நலம்.