நவரையில் தூவிய பவுடர்

1780இல் ஹைதர் அலியின் படையிடம் கும்பினிப் படை தோற்ற களம் என்றுதான் வெளியூரார் புள்ளலூரை அறிவார்கள். உள்ளூருக்கு ஏரியும் நெல்லும்தான் கதை.

சில பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தில் நவரைப் பட்டத்து நெற்கதிர் பால் பிடிக்கும்போதே காற்றில் ஒரு மக்கல் வாடை ஏறிவிடும். நாவாய்ப்பூச்சிக்குத் தூவும் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரின் வாடை அது. டஸ்டர் என்னும் தூவும் கருவி இல்லாதவர்கள் துணியில் மூட்டை கட்டிப் பயிரின் மேல் தட்டிக்கொண்டே நடப்பார்கள். இலையில் பனி ஈரம் காய்வதற்குள் தூவினால்தான் ஒட்டும்.

ஒட்டியது எங்கே போனது? வடிகால் வழியாக அடுத்த ஏரிக்கு என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் வெள்ளாற்றுப் படுகையில் ஒரு நெல்வயலில் இதே மருந்தைப் போட்டு, பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் அதன் போக்கைப் பார்த்தார்கள். 1991இல் வெளிவந்த கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது: 99.6 சதவீதம் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. கழிமுகத்துக்குப் போனது 0.4 சதவீதம்தான். நம் வெயில் கிளப்பிவிடும் இந்த ஆவி குளிர்ந்த நாடுகளில் மறுபடி நீரில் இறங்குகிறது. பூச்சிமருந்தே தெளிக்காத வடதுருவக் கடலின் சீல்களின் கொழுப்பிலும் இந்த மருந்து இருந்தது.

அந்த 0.4ஐ அற்பமென்று தள்ள முடியாது. தண்ணீரில் அதிகம் கரையாமல் சேற்றில் ஒட்டி, சேற்றுப்புழு, மீன், கொக்கு என்று மேலே போகப்போகக் கொழுப்பில் செறியும். பி.எச்.சி.யின் பீட்டா வடிவம் எளிதில் சிதையாது. தமிழ்நாட்டுத் தாய்மார்களின் பாலிலேயே அதைக் கண்டார்கள்.

1997இல் பி.எச்.சி. தடையானது. இன்று வாடை இல்லை. முதுகில் பேட்டரி ஸ்பிரேயர். இமிடாக்ளோப்ரிட் போன்ற புதிய மருந்துகள் கொழுப்பில் தங்குவதில்லை, ஆனால் நீரில் கரைந்து வடிகாலோடு ஓடுகின்றன.

இப்போது ஏரிகளைத் தூர்வாரி வண்டலை விவசாயிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். நல்ல வழக்கம், நம் முன்னோர் செய்ததும்கூட. ஆனால் பல பத்தாண்டு வடிகால் இறங்கிய ஏரியின் அடிவண்டலை, சில மாதிரிகளையாவது சோதிக்காமல் வயலுக்கு ஏற்றுவது சரியல்ல என்பேன். மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் துத்தநாகமும் போரானும் உண்டு. பூச்சிமருந்து எச்சத்துக்கு அதில் கட்டமே கிடையாது.