உங்களுக்குத் தெரியுமா? பாட்டி கதைகளுக்கு வெண்கலத்தில் மறுபிறவி

● நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக முகப்பு 1902-ல் கட்டி முடிந்தது. சிலை வைப்பதற்கென்றே விட்ட நான்கு மாடங்கள் நூறாண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தன. 2019-ல் முதன்முதலாக அங்கே போய் அமர்ந்தவை, நைரோபியில் பிறந்த வாங்கெச்சி முட்டு வடித்த நான்கு வெண்கலப் பெண் சிலைகள். ஆப்பிரிக்க அரசர்கள் பலரின் மர ஆசனங்களைப் பெண் உருவங்கள்தான் தலையில் தாங்கி நிற்கும். சில கிரேக்கக் கோயில்களின் தூண்களிலும் பெண்ணுக்கு அதே சுமைதான். முட்டுவின் பெண்கள் எதையும் சுமக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்திலும் தலையிலும் மெருகேற்றிய வட்டத் தகடுகள். வெயில் பட்டால் பளீரென்று மின்னும்.

● கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரக் கதைகளில் வரும் ‘ங்குவா’, ஆளை மயக்கி ஆழத்துக்கு இழுத்துப்போகும் கடல்கன்னி. இவளையும் விடவில்லை முட்டு. 2014-ல் லண்டனில் அவர் வைத்த கண்காட்சியின் பெயரிலேயே ங்குவா இருந்தாள். அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் விலங்கு கடல்பசு. பாக் விரிகுடாவில் நம் மீனவர்கள் ஆவுளியா என்கிறார்களே, அதேதான்!

● மேற்கு ஆப்பிரிக்காவின் நீர்த் தெய்வம் மாமி வாட்டா. நீள்கூந்தலும் கையில் பாம்புமாக அவள் காட்சி தருவதற்குக் காரணம், 1880-களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் படம். அதே படத்தை 1955 வாக்கில் மறுபடி அச்சிட்டது பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி. கானாவின் குமாசி நகரத்துக்காக 12,000 பிரதிகள்!

● சூடானில் பெண்கள் கூடி நடத்தும் சடங்கு ‘ஸார்’. ஆளைப் பிடித்த ஆவியை அங்கே அடித்து விரட்டுவதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டு, கொடுத்து, சமாதானப்படுத்துகிறார்கள். 1960-களில் இதை ஆராய்ந்த ஓவியர் கமலா இப்ராஹிம் இஷாக், அந்தப் பெண்களின் உருக்குலைந்த முகங்களைப் பல பத்தாண்டுகளாக வரைந்துவருகிறார். லண்டனின் சர்ப்பன்டைன் கலைக்கூடத்தில் அவருக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது 2022-ல்தான். ரொம்பத் தாமதம்.

● வெனிஸ் கலைக் கண்காட்சியில் நைஜீரியா தனி அரங்கம் அமைத்தது 2017-ல்தான். அங்கே பார்த்தவர்களை நிற்க வைத்தது பெஜு அலதிசேயின் ‘பறக்கும் சிறுமிகள்’ சிற்பத் தொகுதி. ஆள் உயரத்தில் எட்டுச் சிறுமிகள், எல்லோருக்கும் சிறகு. லாகோஸில் வீட்டுவேலை செய்யும் பத்து வயதுப் பெண் ஒருத்தி, தான் யாருக்கும் சொந்தமில்லாத, பறக்க முடிகிற உலகத்தைக் கனவு காண்பதுதான் கதை. நைஜீரியாவின் யொருபா இனத்துக் கதை மரபில் ஊறிய அலதிசே நாவலாசிரியரும்கூட. குழந்தை உழைப்பைப் பற்றிப் பத்துப் பிரசங்கங்கள் செய்யாததை அந்த எட்டு ஜோடிச் சிறகுகள் செய்துவிடுகின்றன.

● மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் தொட்டு, வெள்ளைத் துணியில் கோலம் வரைவார்கள். காய்ந்ததும் அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கஞ்சி பட்ட இடத்தில் நீலம் ஏறாது. யொருபாப் பெண்களின் ‘அடிரே’ துணி இதுதான். கடல் தெய்வம் ஒலோகுனின் பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற கோலம் உண்டு. கொள்ளுப்பாட்டியிடம் இதைக் கற்ற நிகே டேவிஸ் ஒகுண்டாயே, அதே கோலங்களை ஓவியங்களுக்கும் கொண்டுவந்தார். தான் கற்றதைப் பிறருக்கு இலவசமாகச் சொல்லித்தர ஒசோக்போ நகரில் 1983-ல் ஒரு மையமும் திறந்தார்.