தாமரைத் தொட்டியில் நெளிவது எது?

சித்தூர், திருப்பதிப் பக்கத்து நம்மவர் வீடுகளில் தாமரைத் தொட்டி வைத்திருப்போர் உண்டு. அதில் ஏதாவது நெளிந்தால் உடனே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடுகிறோம். நானும் ஒருமுறை கொட்டினேன். மறுநாள் செத்துக் கிடந்தவற்றில் பாதி தட்டான் குஞ்சுகள். கொசுப்புழுவைத் தின்று நம்மைக் காப்பவை அவை!

ஆகவே, முதலில் உற்றுப் பாருங்கள். காலில்லாமல் நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் துள்ளிக்கொண்டு கீழே இறங்குவது கூத்தாடி, அதாவது கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் புழுவும் இப்படித்தான் தொங்கும். அதன் மூச்சுக்குழல் குட்டை. மலேரியா பரப்பும் அனோபிலிசுக்குக் குழலே இல்லை; நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். இந்த இனக் கொசுவின் வயிற்றில்தான் 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

அடிச்சேற்றில் சிவப்பு நூல்போல் நெளிவது கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழு. ஈமோகுளோபின் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஆறு கால், பெரிய கண், மடங்கிய கீழுதட்டைச் சட்டென நீட்டி இரை பிடிப்பது தட்டான் குஞ்சு. அதை விட்டுவிடுங்கள்.

வெயில் நாளில் கொசு முட்டை எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும். டிரம்மை மூடி வையுங்கள். பூந்தொட்டித் தட்டை வாரம் ஒருமுறை தேய்த்துக் காயவிடுங்கள். கொல்லாமையை விரதமாகக் கொண்ட எங்களுக்குத் தெரிந்த வழி இதுதான்: வந்தபின் கொல்வதைவிட வராமல் தடுப்பது மேல்.