வாரன்டி முடிந்தாலும் கெடு ஓடும்

கொழிஞ்சாம்பாறை, மறையூர்ப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். ரிப்பேர் செய்த பிரிட்ஜ் மறுபடி படுத்துவிட்டது, வாரன்டியும் போய்விட்டது, இனி கேட்க முடியுமா?

முடியும். வாரன்டி என்பது கம்பெனி தன் வசதிக்குக் குறித்துக்கொண்ட தேதி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான கெடு வேறு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாரன்டிக்குப் பிறகு காசு கொடுத்துச் செய்த ரிப்பேர், நீங்கள் புதிதாக வாங்கிய சேவை. அது சரியில்லை என்றால் சேவைக் குறைபாடு. வாரன்டிக்குள் பார்த்த அதே கோளாறு பிறகு திரும்பினால், அது அன்றைக்கே தீரவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும்.

அங்கேதான் சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டு விளையாடுகிறது. முதல் முறை 'கூலிங் இல்லை', அடுத்த முறை 'கேஸ் நிரப்பியது', மூன்றாம் முறை 'பொது சர்வீஸ்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீராத ஒரே கோளாறு காகிதத்தில் மூன்று தனி வேலைகளாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் 'முன்பு சொன்ன அதே கோளாறு' என்று எழுதச் சொல்லி, பழைய கார்டு எண்ணையும் சேர்த்து, நகல் வாங்குங்கள். எழுத மறுத்தால் அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். "பார்ட் வரல, அடுத்த வாரம் வாங்க" என்று அவர்கள் இழுக்கும் மாதங்களும் உங்கள் கணக்கில்தான் கழியும். எதிர்த்தரப்பு எழுப்பாவிட்டாலும் ஆணையமே கெடுவைப் பார்க்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். அது ஆணையத்தின் மனசு.

தமிழக-கேரள எல்லையோரத்துக்கு ஒரு நல்ல சேதி. பழைய சட்டப்படி, பொள்ளாச்சியில் வாங்கியதற்குப் பெரும்பாலும் கோவைக்கு அலைய வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டில், உடுமலையில் வாங்கிய மறையூர்க்காரர் இடுக்கியில். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

வக்கீல்? கட்டாயமில்லை.

கட்டணம்? கொடுத்த விலை 5 லட்சம் வரை இல்லை.

பில் தர மறுத்தால்? அதுவே முறையற்ற வணிகம். பணம் அனுப்பிய பதிவை வைத்திருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தால்? அழையுங்கள், அதற்காகக் கெடு நிற்காது.

மூன்று மாதத்தில் தீர்ப்பு? சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஐந்து. எழுதியிருக்கிறது என்றுதான் சொன்னேன்.