இல்லத்தரசிக்கு என்ன சம்பளம்?

சாலை விபத்தில் பலியாகும் குடும்பத் தலைவிக்கு 'வருமானம் இல்லை' என்று வாதிட்டுத் தப்பிக்கும் காலம் மலையேறிவிட்டது. ஆனால் உரிய நஷ்டஈடு தானாக வீடு தேடி வராது.

விபத்து நஷ்டஈடு கோரும் மனுவில் தவிர்க்க முடியாத இரண்டு கேள்விகள் உண்டு. இறந்தவரின் தொழில் என்ன? மாத வருமானம் எவ்வளவு? இறந்தவர் கணவர் என்றால் சம்பளச் சீட்டை இணைத்தால் முடிந்தது. இறந்தவர் மனைவி என்றால் பேனா தயங்குகிறது. "வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மா இருந்தார்" என்று பேச்சு வழக்கில் சொல்வதையே மனுவிலும் எழுதினால், அந்த ஒரு வரியால் குடும்பம் பல லட்சங்களை இழக்க நேரிடலாம்.

சட்டமே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994ல் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு ரூ. 15,000 என்று கணக்கிட்டது. சம்பாதிக்காத மனைவி என்றால், உயிரோடு இருக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, சமையலுக்கும் பிள்ளை வளர்ப்பிற்கும் உள்ள மதிப்பு, கணவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கணக்கை மாற்றும் முயற்சி ஒரு தீ விபத்திலிருந்து தொடங்கியது. 1989 மார்ச் 3ம் தேதி ஜாம்ஷெட்பூரில், டாடா எஃகு நிறுவனத்தின் நிறுவனர் தின விழாப் பந்தல் தீப்பிடித்து 60 பேர் மாண்டனர். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2001ல் வந்த தீர்ப்பு, இறந்த இல்லத்தரசிகள் குடும்பத்திற்கு ஆற்றிய பணியின் மதிப்பை, 34 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கு மாதம் ரூ. 3,000 என நிர்ணயித்தது. இன்று சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டு வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது.

2010ல் நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி கொண்ட பெஞ்ச் இன்னும் கடுமையாகப் பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகள் பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோருடன் ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருந்ததை அது சுட்டிக்காட்டிச் சாடியது. 2021 ஜனவரியில் டெல்லி தம்பதி இறந்த விபத்து வழக்கில், இல்லத்தரசிக்கும் ஒரு வருமானத்தை மதிப்பிட வேண்டும், அது எதிர்காலத்தில் உயரும் என்பதையும் சேர்க்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். 2024 பிப்ரவரியில் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், இல்லத்தரசியின் வருமானம் தினக்கூலித் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டு, ரூ. 2.5 லட்சத்தை ரூ. 6 லட்சமாக உயர்த்தியது.

கோர்ட் மிகைப்படுத்தவில்லை. மத்திய அரசின் 2024ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள்.

கணக்கு எப்படி?

முப்பத்து நான்கு வயதுப் பெண். நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பிட்ட வருமானம் மாதம் ரூ. 12,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 1,44,000. வயது 40க்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர, ரூ. 2,01,600. சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் ரூ. 1,51,200. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம் ரூ. 24,19,200. ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. மாத வருமானத்தை ரூ. 6,000 என்று மதிப்பிட்டால் இதில் பாதிதான் கிடைக்கும். முதல் வரியில் எழுதும் எண்ணுக்கு இவ்வளவு மகத்துவம்.

எனவே மனுவில் 'தொழில்: இல்லை' என்பதற்குப் பதில் 'இல்லத்தரசி' என்று எழுதி, அவர் செய்த வேலைகளை விவரிக்க வேண்டும். தையல், டியூஷன், கறவை மாடு என்று சிறு வருமானம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். மாநில அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பை இணைப்பது பலன் தரும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் அவசியம். வயதுக்கு ஆதார் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். அது வயதுக்கான சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழே மேல் என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். மும்பையில் விபத்து என்றால் மதுரைக் குடும்பம் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. காலக்கெடு விபத்து நடந்த ஆறு மாதம். இது 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கில், தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனாலும் இடைக்கால உத்தரவை நம்பி இருப்பதைவிட ஆறு மாதத்துக்குள் மனு போடுவதே புத்திசாலித்தனம்.

உயிரோடு இருக்கும்போது?

இறந்த பிறகு மதிப்புத் தரும் சட்டம், வாழும்போது என்ன தருகிறது? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. கணவர் வளைகுடா நாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் உழைப்பும் சொத்து சேர்க்க உதவியது என்று கூறி, சில சொத்துக்களில் சரிபாதி உரிமை அவருக்கு உண்டு என்றது தீர்ப்பு. இது ஒரு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புதான். இப்படிப் பங்கு தரச் சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. வாங்கும் வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்துவிட்டால், இந்த வாதத்துக்காக யாரும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்காது.