பாலை நகரின் நீர்ச்செல்வம்

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்ட, சிவனொளிபாத மலைத்தொடரினின்று இழிந்துவரும் குருகங்கைக் கரையில் உள்ளது. ஆண்டிற்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வளநாடு அது. எனினும், சில வாரம் வெயில் நீடித்துப் பீலி வறண்டால் குடத்துடன் நெடுந்தூரம் நடக்கும் தோட்டமக்கள், மழை வேறு, நீர்வளம் வேறு என்பதை நன்கறிவர். மழையைத் தேக்கிக் காக்கும் முறைமையே நீர்வளமாகும். இவ்வுண்மையை மழை அருகிய பாலை நகரொன்றின் வரலாறு தெளிவிக்கின்றது.

இந்தியாவின் தார்ப் பாலைவனத்தின் ஓரத்தே அமைந்தது ஜோத்பூர். இராவ் ஜோதா என்னும் மன்னன் 1459ஆம் ஆண்டில் அதனை நிறுவினான். அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 360 மில்லிமீற்றரே. ஆதலின் நகரமாந்தர் குன்றுச் சரிவுகளில் வாய்க்கால் வெட்டி, வழிந்தோடும் மழைநீரைக் குளங்களிற் சேர்த்தனர். கோட்டை அடிவாரத்து இராணிசர், பதம்சர் என்பன அத்தகையன. குளத்திற் கசிந்த நீர் தாழ்விடத்துக் கிணறுகளையும் படிக்கிணறுகளையும் நிரப்பிற்று. நகர் வளருந்தோறும் நீர்நிலைகளும் பெருகின. 1872இல் காயலானா ஏரி அமைந்தது.

சத்லஜ், பியாஸ் ஆறுகள் கூடுமிடத்து ஹரிக்கே அணையினின்று புறப்படும் இந்திரா காந்திக் கால்வாயின் நீர், 1990களின் பிற்பகுதியில், நீரேற்றுக் கால்வாய் வழியே ஜோத்பூரை அடைந்தது. 2011இல் 10 இலட்சத்தைக் கடந்த மக்கட்டொகைக்கு அந்நீர் இன்றியமையாததே. ஆயின், குழாய்நீர் வந்தபின் பழைய கிணறுகளில் இறைப்பார் அருகினர். பல கிணறுகள் குப்பைக்குழிகளாயின. இறைக்கப்படாத நீருடன் ஏரி, குழாய், கழிவுநீர்க் கால் ஆகியவற்றின் கசிவும் சேர, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து பழைய நகரின் நிலவறைகளிற் புகுந்தது. பராமரிப்புக்காகக் கால்வாய் மூடப்படும் கோடையிலோ, அதே நகரம் குடிநீருக்குத் தவிக்கின்றது. காலடியில் வெள்ளமும் குடத்தில் வறுமையும் ஒருங்கே நிகழ்வது வியப்பன்றோ!

தீங்கு கால்வாயால் விளைந்ததன்று. புதியது வந்ததும் பழையதைக் கைவிட்டமையால் விளைந்தது. தொலைவிலிருந்து வரும் நீர் வளர்ச்சியைத் தூண்டும். அவ்வளர்ச்சியை நிலைபெறச் செய்வது ஊரார் பேணும் நீரே. இதனை உணர்ந்தே, 1740களிற் கட்டப்பட்ட தூர்ஜி கா ஜால்ரா என்னும் படிக்கிணறு 2010களில் தூர்வாரிப் புதுக்கப்பட்டது.

இப்படிப்பினை மழைநாட்டிற்கும் உரியது. 2003ஆம் ஆண்டு மே மாதப் பெருவெள்ளத்தில் மூழ்கியது இரத்தினபுரி. அம்மாவட்டத்திலேயே பீலி வறளும் நாள்களும் உள. ஊற்றுக்கண்ணின் மேலுள்ள காட்டைக் காத்தலும், பெய்யுங்காலத்து நீரைத் தொட்டியிற் சேர்த்தலும் அங்கும் வேண்டப்படுவனவே. வானம் வழங்குவது மழை. அதனை நீர்வளமாக்குவது மாந்தர் கடமை.