கால் மறந்ததைக் காது நினைவூட்டும்

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகவேண்டும். நிலைப்படி வரை நன்றாகத்தான் நடந்து வருகிறார். அங்கே வந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் ஒட்டிக்கொள்கின்றன. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பின்னால் நிற்பவர் "சீக்கிரம் வாங்க" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிப்போகிறது. அவர் பாதத்துக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, "இதைத் தாண்டுங்க" என்றால், பல நேரம் சட்டென்று தாண்டிவிடுகிறார்.

பார்கின்சன் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த விசித்திரம் பழக்கமானது. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்து எழுதிய இந்த நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம். பெயரில் நடுக்கம் இருந்தாலும், நாளாக நாளாக ஆளைப் படுத்துவது விறைப்பும் மந்தமும் தடுமாற்றமும்தான். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதே காரணம். எந்தக் காலை முதலில் எடுப்பது என்று நாம் யோசித்து நடப்பதில்லை. அந்தக் கணக்கை மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் பார்த்துக்கொள்கின்றன. டோபமைன் குறைந்ததும் அந்தத் தானியக்கம் படுத்துவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து ஒரு கோடோ தாளமோ கிடைத்தால், மூளை வேறு பாதையில் சுற்றிப்போய்க் காலைத் தூக்கவைக்கிறது. இந்தச் சுற்றுவழியைப் பழக்குவதுதான் பார்கின்சனுக்கான அசைவுச் சிகிச்சை.

புரூக்ளினில் ஒரு நடன வகுப்பு

நியூயார்க்கின் புரூக்ளினில் பார்கின்சன் நோயாளிகளுக்கான குழு ஒன்றை நடத்திவந்தவர் ஓலி வெஸ்ட்ஹைமர். 2001இல் அவர் அங்குள்ள மார்க் மாரிஸ் நடனக் குழுவை அணுகினார். அவர் கேட்டது சிகிச்சை அல்ல, அசல் நடன வகுப்பு. ஒவ்வோர் அசைவையும் யோசித்து, கண்ணாலும் காதாலும் பிடித்துச் செய்வது நடனக்காரர்களின் தொழில். பார்கின்சன் வந்தவருக்கு அன்றாடம் தேவைப்படுவதும் அதுவே என்பது அவருடைய வாதம். டேவிட் லெவன்தால், ஜான் ஹெகின்பாதம் என்ற இரு கலைஞர்கள் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள்.

வகுப்பு நாற்காலியில் தொடங்குகிறது. பக்கத்திலேயே ஒருவர் பியானோ வாசிக்கிறார். கையை இத்தனை டிகிரி தூக்கு என்ற பேச்சே இல்லை. சூரியன் எழுவதுபோல் விரிக்கச் சொல்கிறார்கள். மனதில் படம் விழுந்ததும் கை பெரிதாக விரிகிறது. பிறகு கம்பியைப் பிடித்து நின்று ஆடுவது, தாளத்துக்கு அடிவைத்து அறையைக் குறுக்கே கடப்பது, கடைசியில் எல்லாரும் வட்டமாகக் கைகோப்பது. துணைக்கு வந்த கணவரோ மனைவியோ ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை; அவர்களும் ஆடுகிறார்கள். இன்று 25க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன. புனேயில் சமகால நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினார்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேமன் எர்ஹார்ட், மேடலின் ஹாக்னி ஆகியோர் டாங்கோ நடனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் அடிவைப்பது, திரும்புவது, நின்று மறுபடி கிளம்புவது ஆகிய மூன்றிலும்தான் பார்கின்சன்காரர் அதிகம் தடுமாறுகிறார். டாங்கோவில் இந்த மூன்றும் ஓயாமல் வரும். பிடித்துக்கொள்ள எதிரே ஒரு ஜோடியும் உண்டு. ஆடியவர்களின் சமநிலை மேம்பட்டது.

2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், தாய்ச்சி என்ற நிதானமான சீன அசைவுப் பயிற்சி பற்றி வந்த ஆய்வு இன்னும் பெரியது. 195 நோயாளிகள், வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரங்கள். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் குறைவாகவே கீழே விழுந்தார்கள். பார்கின்சன்காரருக்கு விழாமல் இருப்பது சின்ன விஷயமல்ல. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தால், மீண்டு எழுவது பெரும்பாடு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நடன ஆய்வுகளில் பல சிறியவை. ஆட்டம் அழிந்த செல்லை உயிர்ப்பிக்கும் என்றோ நோயை நிறுத்திவிடும் என்றோ யாரும் நிரூபிக்கவில்லை. எனவே "மாத்திரையைக் குறைக்கலாமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை நாமாக நிறுத்துவது ஆபத்து. ஆட்டம் மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

வீட்டில் தொடங்க

முதலில் நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேளுங்கள். மாத்திரை நன்றாக வேலைசெய்யும் நேரத்தில் பயிற்சி வையுங்கள். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உட்கார்ந்தபடி ஆரம்பியுங்கள். கால் தடுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். அவருக்குப் பிடித்த, தாளம் தெளிவாகக் கேட்கும் பாட்டாக இருக்கட்டும். நிற்கும்போது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

அடுத்த முறை அவர் நிலைப்படியில் நின்றுவிட்டால் "சீக்கிரம்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்று, நிதானமாக "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள்.